போடு… போடாதே…!

(மூன்றாமாண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "கவிதை எழுதிக் கொடு, சீக்கிரம் முடியும்" என்றாள் தோழி. எனக்குக் கவிதை வராது. வயர் இழுக்க வரும். அதனால் வயரைப் பற்றியே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்க வீட்டில் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு மைக்செட் கடையில் வேலை. பந்தல் போட்டதும் டியூப் லைட் கட்டுவது, சீரியல் செட் ஏற்றுவது, பாக்ஸ் தூக்குவது எல்லாம் அவர்தான். சித்தப்பாவும் அதே கடையில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஏணியில், தம்பி ஜெனரேட்டரில். பதினைந்து வருஷம் இப்படித்தான் ஓடியது.

2022 பங்குனி. நான் ஒன்பதாம் வகுப்பு. பக்கத்து ஊர்த் திருவிழாவில் கூத்து. கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரை ஓட்டுவதற்குள், கழன்று தொங்கிய ஒரு லைனைக் கட்டிவிடலாம் என்று அப்பா ஏணியில் ஏறினார். அந்தப் பக்கம் மேளம், இந்தப் பக்கம் கூட்டத்தின் விசில், நடுவில் ஜெனரேட்டர் இரைச்சல். மேலே இருந்து அப்பா கத்தினார்: "போடாதே!"

சித்தப்பா காதில் விழுந்தது "போடு".

போட்டுவிட்டார்.

அப்பா பிழைத்ததே குலதெய்வம் புண்ணியம் என்று அம்மா இன்றைக்கும் சொல்லும். வலது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்காது. முதலாளி இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தார், அதோடு சரி. சித்தப்பா அந்தக் கடையை விட்டே போய்விட்டார். எங்க வீட்டுப் பக்கம் வருவதையும் நிறுத்திக்கொண்டார். "காது கேக்காதவனா அவன்?" என்று அம்மா திட்டும். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். தீபாவளி, பொங்கல் எல்லாம் பேச்சுவார்த்தை இல்லாமலே போனது.

நான் இந்தத் துறையை எடுத்ததற்குப் பெரிய லட்சியம் எதுவும் அப்போது இல்லை. உதவித்தொகை கிடைக்கும், பஸ் பாஸ் உண்டு, அவ்வளவுதான். ஆனால் தொடர்பியல் பாடத்தில் இரைச்சல் என்ற அத்தியாயம் வந்த அன்றைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்தது. சார் கரும்பலகையில் எழுதிப்போட்டதன் சாரம் இதுதான்: அனுப்புகிறவன் நல்லவன், வாங்குகிறவன் நல்லவன், ஆனாலும் நடுவில் இரைச்சல் இருந்தால் செய்தி சிதையும். அன்றைக்குத்தான் புரிந்தது, சித்தப்பா மேலே தப்பில்லை. "போடு", "போடாதே" இரண்டுக்கும் முதல் எழுத்துகள் ஒன்று. வால் தொலைந்தால் அர்த்தமே தலைகீழ். தப்பு அந்தச் சொல் மேலே!

முதலாமாண்டில், 2024 ஆண்டு விழாவில், நம் மேடையிலும் இதே கூத்துதான். நாடகத்தில் அம்மா செத்து விழும் கட்டத்தில் குத்துப்பாட்டு ஓடியது நினைவிருக்கிறதா? திரையை இழுக்கிறவன் கையைக் காட்டினான், பாட்டுப் போடுகிறவன் தனக்கென்று நினைத்துக்கொண்டான். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வருஷம் மேடைப் பொறுப்பு எங்கள் துறைக்கு வந்தது. "எல்லாரிடமும் செல்போன் இருக்கே, குரூப் கால் போட்டுக்கலாம்" என்றான் ஒருவன். கூட்டம் நிறைந்தால் சிக்னல் திணறும். பேசினால் குரல் சற்றுத் தாமதித்துத்தான் போய்ச் சேரும். விளக்கை அணைக்க அந்தத் தாமதம் ஆகாது. வாக்கி-டாக்கி? 2018-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்திக் கருவிக்கு உரிமம் வேண்டியதில்லை. மற்றபடி நினைத்த அலைவரிசையில் பேசிவிட முடியாது. அதோடு அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். ஒருவன் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால், "நிறுத்து" என்று கத்துகிறவன் குரல் போகவே போகாது.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று தேடினோம். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் 1968-ல் தொடங்கிய கிளியர்-காம் என்ற நிறுவனம், ராக் இசைக் கச்சேரி இரைச்சலிலும் மேடை ஆட்கள் பேசிக்கொள்வதற்கென்றே கருவி செய்தது. மூன்று முனை மைக் கேபிள்தான். ஒரு முனை பொது, ஒன்றில் 30 வோல்ட் டி.சி., இன்னொன்றில் பேச்சு. இடுப்பில் மாட்டும் சின்னப் பெட்டி ஒவ்வொன்றிலும் அதற்கான ஆம்ப்ளிபையர் இருக்கும். அதனால் ஆள் கூடினாலும் சத்தம் குறையாது. எல்லாரும் ஒரே லைனில், ஒரே நேரத்தில் கேட்கலாம், பேசலாம்.

அதன் விலையைப் பார்த்ததும் மடிக்கணினியை மூடிவிட்டோம்!

பழைய இரும்புக் கடைக்குப் போனோம். வீட்டுக்கு வீடு கழற்றிப் போட்ட தரைவழி போன்கள் அங்கே மூட்டையாகக் கிடந்தன. பேரம் பேசி ஒன்று அறுபது ரூபாய்க்கு மூன்று வாங்கினோம். மூன்றையும் தொடராக இணைத்து, இரண்டு 12 வோல்ட் பேட்டரியும் ஒரு 300 ஓம் மின்தடையும் போட்டோம். அளந்து பார்த்தால் 20 மில்லிஆம்பியர் ஓடுகிறது, ஒரு போனுக்கு ஏறக்குறைய 6 வோல்ட். கணக்கு சரி! மேடை ஓரம் ஒன்று, மைதானத்து நடுவில் விளக்கும் ஆம்ப்ளிபையரும் இருக்கும் மேஜையில் ஒன்று, பின்னால் ஜெனரேட்டரிடம் ஒன்று. பேட்டரியில் ஓடுவது வேண்டுமென்றே செய்தது. கரண்ட் போகும்போதுதானே பேச்சு அவசியம்!

குறைகளும் இருந்தன. தொடர் இணைப்பில் ஒருவன் ரிசீவரை வைத்தால் எல்லாருக்கும் ஊமையாகிவிடும். அதனால் உள்ளே இருக்கும் கொக்கி ஸ்விட்சைக் கடந்து நேராக இணைத்துவிட்டோம். மெயின் லைனை ஒட்டிப் போட்ட வயரில் ஒரே ரீங்காரம். விலக்கி, முறுக்கிய வயராக மாற்றியதும் அடங்கியது.

ஆனால் நண்பர்களே, வயரை விட அதிகமாக யோசித்தது சொல்லைத்தான். யார் யாரிடம் பேச வேண்டும், யார் கேட்டால் மட்டும் போதும் என்று ஒரு தாளில் கோடு போட்டோம். உத்தரவு ஒரே வாயிலிருந்துதான் வர வேண்டும். அந்த வாய் என்னுடையது! வெளிநாட்டு மேடைகளில் "ஸ்டாண்ட்பை" என்று எச்சரித்து, "கோ" என்றால்தான் செய்வார்களாம். "கோ" என்ற சொல்லை வேறு எதற்கும் சொல்ல மாட்டார்களாம். நமக்கு எதற்கு அது? நம் ஊர் பஸ்ஸிலேயே இருக்கிறதே! "ரைட்", "ஹோல்டான்". இரண்டும் காதுக்குத் துளியும் ஒட்டாத சொற்கள். லைன் அறுந்தால் விசில்: ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ. நடத்துநரின் இந்த விசிலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டில் ஒன்று இரைச்சலில் தொலைந்தால் "நில்" என்றுதான் ஆகும். ஆபத்தில்லை. "போடாதே"யில் பாதி தொலைந்தால் "போடு" ஆகிறது. பாதி தொலைந்தாலும் நிற்கிற மாதிரிதான் சொல்லை வைக்க வேண்டும்!

ஆக, மூன்று சட்டம் எழுதி ஒட்டினோம். ஒன்று, "ஆதே" என்று முடியும் சொல்லே லைனில் வரக்கூடாது. இரண்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று, ஏணியில் ஏறினவர் இறங்கி வந்து தன் வாயால் "தயார்" சொல்லாமல் "ரைட்" கிடையாது.

2025 ஆண்டு விழா அன்று காலை மைக்செட் வண்டியில் அப்பா வந்து இறங்கினார். எனக்குப் பெருமை. மதியம் வேறொரு கடையிலிருந்து ஜெனரேட்டர் வந்தது. கூட வந்தவர் சித்தப்பா! தலைமுடி நிறைய நரைத்திருந்தது. அப்பா வயரைச் சுற்றிக்கொண்டே திரும்பி நின்றுகொண்டார். நான் போய்ப் போனைக் கொடுத்து, சட்டங்களைச் சொன்னேன். "சரி பாப்பா" என்றார். அதற்கு மேலே அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இரவு ஏழரை மணி இருக்கும். நடனம் நடக்கும்போது கரண்ட் போனது. அந்த இருட்டில் டார்ச்சோடு அப்பா முகப்பு வளைவில் ஏறிவிட்டார். சீரியல் செட் ஜாயிண்ட் ஒன்று பிரிந்து தொங்கியது. எனக்கு அடிவயிறு கலங்கியது.

"ஜெனரேட்டர், ஹோல்டான்."

"ஹோல்டான்."

கூட்டம் ஊளையிட்டது. விசில் பறந்தது. சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்க்கிறார். "ஏம்மா, ஜெனரேட்டர் ரெடியாத்தானே இருக்கு, போடச் சொல்லு!" என்று பின்னால் இருந்து ஒரு பேராசிரியர் அதட்டினார். "ஆள் மேலே இருக்கார் சார்" என்றேன். குரல் நடுங்கியது. ஆனால் ரிசீவரை இறக்கவில்லை. நான்கு நிமிஷம். என் வாழ்க்கையிலேயே நீளமான நான்கு நிமிஷம்.

அப்பா இறங்கி வந்தார். சட்டப்படி ரிசீவரை அவரிடம் நீட்டினேன். அந்த முனையில் யார் என்று அவருக்குத் தெரியும். ஒரு நொடி என்னைப் பார்த்தார். மடங்காத விரல்களோடு வாங்கிக் காதில் வைத்தார்.

"இறங்கிட்டேன். தயார்."

மேஜையிலிருந்தும் "தயார்" வந்தது. ஜெனரேட்டரிலிருந்து மட்டும் வரவில்லை. அப்பா காதோடு காதை ஒட்டி நானும் கேட்டேன். பிறகுதான் வந்தது.

"தயார்ண்ணே… நல்லா இறங்கிட்டியா?"

"இறங்கிட்டேன்டா."

ரிசீவரை வாங்கி "ரைட்" என்றேன். "ரைட்" என்றது அந்தப் பக்கம். மேடை முழுக்க வெளிச்சம். கைதட்டினீர்கள். எதற்கு அந்த நான்கு நிமிஷம் என்று உங்களில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் இதை எழுதினேன்.

இந்தப் பொங்கலுக்குச் சித்தப்பா குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தார். அம்மா முதலில் முகம் கொடுக்கவில்லை, அப்புறம் கரும்பு வெட்டிக் கொடுத்தது.

தம்பி தங்கைகளே! அந்த மூன்று போனும் ஆய்வகத்து அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கின்றன. இந்த வருஷத்தோடு நான் போய்விடுவேன். விழாவுக்கு முதல் நாள் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிவிட்டு, பாட்டைச் சத்தமாக ஓடவிட்டுச் சோதித்துப் பாருங்கள். அமைதியான அறையில் நன்றாகக் கேட்பதை நம்பிவிட வேண்டாம். யார் அவசரப்படுத்தினாலும், மேலே இருக்கிற ஆள் இறங்கி வந்து தன் வாயால் சொல்லட்டும். பிறகு "ரைட்" கொடுங்கள்.