குப்பை பாதையாகிறது

குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மங்காது என்பர். வீசியெறியும் பால் உறைக்கும் அத்தகைய மதிப்புண்டு என வேதியியல் வகுப்பில் அறிந்து வியந்தோம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் அவர்கள், 2002இல் தம் கல்லூரி வளாகத்திலேயே பிளாஸ்டிக் கழிவு கலந்த சாலையை அமைத்தார். சுமார் 170 பாகை சூடேறிய ஜல்லியில் பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவினால், அவை இளகிக் கல்லின்மேல் பூச்சாகப் படியும். பின்பு தாரைக் கலப்பர். சாலையில் நீர் எளிதில் இறங்காது, தாரும் மிச்சமாகும். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆனால் பி.வி.சி. கலந்துவிட்டால் சூட்டில் நச்சுவாயு எழும். ஆகவே தரம் பிரிப்பது கட்டாயம். அழுக்குக் குவியலில் கைவிட்டுப் பிரிப்பவர்களோ துப்புரவுத் தொழிலாளர்கள்! அதனால்தான் நாங்கள் பால் உறைகளைக் கழுவி உலர்த்தி, அவர்களிடம் தனியே கொடுத்து வருகிறோம். தோழியரே, நீங்களும் வாருங்கள்! நாளைய பாதையில் நம் பங்கும் இருக்கட்டும்.