குமிழியோட உறைஞ்ச ஏரி

ஆபிரகாம் ஏரிக்குப் போயிட்டு வந்ததுல இருந்து மனசு வேற எதுலயும் நிக்க மாட்டேங்குது.

கனடாவுல ஆல்பர்ட்டா பக்கம். 1972ல பிக்ஹார்ன் அணை கட்டினதால உண்டான ஏரி.

அடியில மக்குற செடிகொடியில இருந்து மீத்தேன் கிளம்புது.
மேல வந்து சேர்றதுக்குள்ள தண்ணி உறைஞ்சிடுது.
ஒரு குமிழி, அதுக்குக் கீழ இன்னொண்ணு, அதுக்கும் கீழ இன்னொண்ணு...
அடுக்கி வச்ச ஆப்பம் மாதிரி, வெள்ளையா, தட்டையா.

அங்க அடிக்கிறது பேய்க்காத்து. அதுதான் பனித்தூளை வாரிட்டுப் போயி ஐஸைக் கண்ணாடியா வச்சிருக்கு.

புதுசா கேமரா பிடிக்கிறவங்க தாராளமா போகலாம்.
வெள்ளைப் பரப்பைக் கேமரா சாம்பலாக்கிடும், அதனால எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்க.
போலரைசரை மெதுவா திருப்பினா வானத்தோட பிரதிபலிப்பு விலகும். அப்போ தெரியும் பாருங்க ஒரு ஆழம்! அந்த நிமிஷத்துக்காகவே குப்புறப் படுக்கலாம்.

குளிர்ல பேட்டரி சட்டுனு இறங்கும். மாத்து பேட்டரியை உள்பையில, உடம்புச் சூட்டுல வைங்க.
வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே கேமராவை பிளாஸ்டிக் பையில மூடிடுங்க, இல்லேன்னா லென்ஸ் வேர்த்துடும்.

ஒண்ணு மட்டும். அணை ஏரிங்கறதால நீர்மட்டம் ஏறி இறங்கும், ஐஸ் எல்லா இடத்துலயும் ஒரே கனமா இருக்காது.
எவ்வளவு அழகா இருந்தாலும் தனியா போகாதீங்க.

உறைஞ்ச தண்ணியைப் படம் பிடிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? ஒண்ணு காட்டுங்களேன்.