உள்ளிருந்த வெப்பம்

கோப்பாயில் பிறந்து வளர்ந்த எனக்குச் செம்மண்ணும் கிணற்று நீரும் போலவே சீமெந்தும் பழகிய பொருள். என் தந்தையார் முப்பது ஆண்டுகள் மேசன் தொழில் செய்தவர். கொங்கிறீற்றுக் கூரை இட்ட மறுநாள் முதல், காலையும் மாலையும் அதன்மேல் கிணற்று நீர் வார்ப்பது சிறுவயதில் என் கடமை. உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதே தந்தையார் அறிந்த வெப்பமானி.

ஒருமுறை, ஒரு வீட்டாரின் தண்ணீர்த் தாங்கிக்காக நாலடித் தடிப்பான அடித்தளம் ஒன்றை அவர் இட்டார். உறுதி வேண்டி, வழக்கத்திலும் கூடுதலாகச் சீமெந்து சேர்த்தார். மறுநாளே பலகைகளைக் கழற்றிக் குளிர்நீர் வார்த்தோம். சில நாட்களில் மேற்பரப்பில் வெடிப்புகள் தோன்றின. சீமெந்தைக் களவாடிவிட்டார் எனப் பழிகூறி, வீட்டுக்காரர் கூலியில் பாதியை நிறுத்திக்கொண்டார். தந்தையார் மறுமொழி கூறாது திரும்பினார்.

கலைப்பீட மாணவனாகிய எனக்கு, இதன் விளக்கம் பொறியியல் பயிலும் அண்ணனிடமிருந்தே கிடைத்தது. சீமெந்து நீருடன் சேர்ந்து இறுகுகையில் வெப்பம் பிறக்கின்றது. சீமெந்து கூடினால் வெப்பமும் கூடும். மெல்லிய கூரையிலிருந்து அது விரைவில் வெளியேறும். பெருந்திணிவிலோ நடுவே தங்கிவிடும். நடுப்பகுதி சூட்டால் விரிந்திருக்க, குளிர்ந்து சுருங்க முயலும் மேற்பரப்பு இழுபட்டு வெடிக்கும். எனவே நடுவிலும் மேற்பரப்பின் அருகிலும் வெப்பவிணைக் கம்பிகளைப் புதைத்து, நாட்கணக்கில் இடைவிடாது அளவு குறிப்பர். இரண்டிற்கும் இடையேயான வேறுபாடு ஏறத்தாழ 20 பாகை செல்சியசையும், நடுவின் வெப்பநிலை 70 பாகையையும் மீறாது காப்பது பொதுவழக்கு. வேறுபாடு மிகுந்தால் மேற்பரப்பைப் போர்த்தி வைப்பதே மருந்து. குளிர்நீர் வார்ப்பது நோயை வளர்க்கும். 1930களில் அமெரிக்காவின் ஹூவர் அணையைக் கட்டியோர் குளிர்நீரை உள்ளேயே செலுத்தினர். கொங்கிறீற்றினுள் குழாய்களைப் பதித்து அதனை ஆற்றினர். தானே ஆறுவதாயின் நூறாண்டுக்கு மேலாகும் எனக் கணித்திருந்தனர்.

விடுமுறையில் இதனைத் தந்தையாரிடம் கூறினேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், "அப்ப, சீமெந்து கூடினதும் ஒரு பிழையோ தம்பி?" என்று கேட்டார்.

அந்த வெடிப்புகளுக்கு இதுவே காரணமென இன்று எவரும் நிறுவ இயலாது; அன்று யாரும் அளவெடுக்கவில்லை. அளவு இல்லாத இடத்தில் பழி சொல்பவரின் குரலே சான்றாகிவிடுகின்றது. இரண்டு கம்பிகளும் ஒரு குறிப்பேடும் இருந்திருப்பின், ஒரு தொழிலாளியின் நேர்மைக்கு அவை சாட்சி சொல்லியிருக்கும்.