நட்சத்திரத்துக்கும் ஷேடு பார்க்கணும்

எங்க திருப்பூர்ல ராத்திரி மொட்டை மாடிக்குப் போனா, எண்ணி இருபது நட்சத்திரம் தெரிஞ்சாலே பெரிய விஷயம். இங்கே உட்கார்ந்துகிட்டு நட்சத்திர வெளிச்சத்தை அளக்கிற புராஜெக்ட் எடுத்திருக்கேன்னு சொன்னா யாருக்கும் சிரிப்பு வரும் :-)

ஆனா இப்பல்லாம் தொலைநோக்கி பக்கத்துல ஆள் இருக்கணும்னு அவசியமில்லை. லடாக்கில் ஹான்லேயில், சுமார் 4500 மீட்டர் உயரத்தில், 2018-ல் இருந்து இயங்கும் 70 செ.மீ. குரோத்-இந்தியா தொலைநோக்கி (பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனமும் மும்பை ஐஐடியும் சேர்ந்து வைத்தது) பட்டியலைக் கொடுத்தால் தானே திரும்பிப் படம் எடுத்துக்கொள்ளும். என் கையில் இருப்பது அதைவிடச் சின்ன ஒரு ரோபோ எடுத்து, பொதுவில் விட்ட படங்கள்.

படம் கிடைப்பது சுலபம். அதை நம்பலாமா என்பதுதான் தலைவலி. சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே வியாழன் அளவு கிரகம் போனால் வெளிச்சம் குறைவது சுமார் 1 சதவீதம். மெல்லிய மேகம் ஒன்று போனாலே அதைவிடக் குறையும். கண்ணால் பார்க்கிற ஆள் என்றால் "மேகம்"னு எழுதி வைப்பார். ரோபோ பாட்டுக்கு எடுத்துத் தள்ளும்.

இதுக்கு வழி எங்க மாமாவுக்குத் தெரியும். அவர் சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கிறவர். துணியைத் தனியா வைத்து நிறம் சொல்லவே மாட்டார். பார்ட்டி கொடுத்த சாம்பிளைப் பக்கத்தில் வைத்து, லைட் பாக்ஸுக்குள் பார்ப்பார். நாங்களும் அதையேதான் செய்கிறோம். அதே படத்தில் இருக்கும், மாறாத இன்னொரு நட்சத்திரத்தோடு ஒப்பிடுகிறோம். மேகம் வந்தால் ரெண்டும் சேர்ந்தே மங்கும், வித்தியாசம் அப்படியே நிற்கும்.

டே லைட்டில் ஒத்துப்போன ரெண்டு துணி கடை வெளிச்சத்தில் வேறவேறயா தெரியும், பார்த்திருப்பீங்க. இங்கேயும் அந்தச் சிக்கல் உண்டு. நம் காற்று நீலத்தைச் சிவப்பைவிட அதிகம் தின்றுவிடும். அதனால் ஒப்பிடும் நட்சத்திரம் கிட்டத்தட்ட அதே நிறத்தில் இருக்கணும். தொடுவானத்தில் இருந்து 30 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஒளி கடக்கும் காற்று தலைக்கு நேர் மேலே இருப்பதைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல். அங்கே எடுத்த படத்தை நான் தொடுவதே இல்லை.

அந்திவானத்தைப் படமெடுத்துக் கண்ணாடித் தூசியின் நிழலைக் கழிப்பது, கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிப்பது எல்லாம் வழக்கமான வேலை. கேமராவுக்குள் வந்து சேரும் ஒளித்துகள் கணக்கு முக்கியம். பத்தாயிரம் துகள் வந்தால் தடுமாற்றம் நூறு, அதாவது 1 சதவீதம். அதை 0.1 ஆக்க பத்து லட்சம் வேணும். பிரகாசமான நட்சத்திரம் என்றால் ஒரே புள்ளியில் கொட்டி வழிந்துவிடும். அதனால் வேணும்னே ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்து, நிறையப் புள்ளிகளில் பரப்பி எடுப்பார்கள். மங்கலாக எடுத்தால் அளவு சரியா வருது, வேடிக்கைதான்!

இந்தப் பொறுமைக்கு நம்ம பக்கத்தில் பழைய சொந்தம் உண்டு. இன்றைக்கும் புழங்கும் ஒளியளவு (ஒரு படிக்கு 2.512 மடங்கு) 1856-ல் முன்வைத்த நார்மன் போக்சன், பின்னாடி சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்தார். அங்கே அவரிடம் இருந்த ரகுநாதாச்சாரி 1867-ல் ஆர் ரெடிகுலி என்ற மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். கேமரா இல்லை, கண்தான்.

இப்போ என் வரைபடத்தில் ஒரு பள்ளம். கூடவே அசிங்கமா நாலைந்து புள்ளிகள். "அதைத் தூக்கிடு மச்சி, கர்வ் அழகாயிடும்" என்கிறான் புராஜெக்ட் கூட்டாளி. அழகுக்காகத் தூக்கினால் பள்ளமும் நான் செய்ததாகத்தான் இருக்கும். அதனால் மூன்றாவதாக ஒரு சோதனை நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டேன். அது 0.01-க்கு மேல் ஆடிய படங்களை மட்டும், என் நட்சத்திரம் என்ன சொல்கிறது என்று பார்க்காமலே, ஒதுக்கினேன். அசிங்கமான புள்ளிகளில் ரெண்டு போச்சு, மிச்சம் இருக்கு. பள்ளமும் இருக்கு. அடுத்து வேற ராத்திரியில் எடுத்த படங்களிலும் அது வருதான்னு பார்க்கணும்.