நரசிங்கபுரம் தெருவில் ஒரு வால்வு ரேடியோ

சென்னை ரிச்சி தெருவில் சார்ஜர்களும் செல்போன் உறைகளும் தொங்கும் கடைகளைத் தாண்டி, நரசிங்கபுரம் தெருப் பக்கம் ஒரு குறுகிய மாடிப்படி ஏறினால் பழைய ரேடியோ பழுதுபார்க்கும் பாயின் பட்டறை. பத்துக்குப் பத்து அறை. சுவர் நிறைய தட்டு, தட்டு நிறைய மர்ஃபி, புஷ், பிலிப்ஸ். என் கையில் தாத்தாவின் பிலிப்ஸ். முப்பது வருடம் பரணில் கிடந்தது.

"வீட்ல பிளக்ல சொருகிப் பாத்தீங்களா தம்பி?"

அதுதான் அவருடைய முதல் கேள்வி. இல்லை என்றேன். பெரியப்பா வீட்டு ரேடியோவை அப்படிச் சொருகி, டிரான்ஸ்ஃபார்மர் புகைந்து, அறை முழுக்கத் தார் நாற்றம் அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் செட் பிறகு பாடவேயில்லை.

பின்பக்க அட்டையைக் கழற்றினார். உள்ளே திட்டுத் திட்டாகத் தூசி, மூலையில் பல்லி முட்டை ஓடு. பெயின்ட் பிரஷ்ஷால் மெல்லத் தள்ளினார். வால்வுகளை மட்டும் துடைக்கவில்லை; கண்ணாடி மேல் அச்சடித்த எண் விரல் பட்டாலே அழிந்துவிடும். கண்ணை இடுக்கிப் படித்தார்: இசிஎச்81, இஎல்84, இஇசட்80.

"எல்லாமே 'இ'ல ஆரம்பிக்குது. நல்லது."

'இ' என்றால் வால்வின் இழைக்கு 6.3 வோல்ட், செட்டுக்குள் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 'யு' என்று தொடங்கினால் இழைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, வீட்டு மின்சாரத்திலேயே நேராக ஓடும். அந்த வகைச் செட்டில் உலோகச் சட்டமான சேசிஸிலேயே மின்சாரம் இருக்கலாம். குமிழ் கழன்ற தண்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. அவற்றை அவர் தனித் தட்டில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறார்.

பிறகு சேசிஸைக் கவிழ்த்தார். நோய் எல்லாம் அடிப்பக்கம்தான். மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் வருடக்கணக்கில் ஈரம் இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். அவற்றில் இஎல்84 வால்வின் கிரிட்டுக்குப் போகும் கண்டென்சர்தான் பொல்லாதது. முந்தைய வால்வின் ஆனோடில் நிற்கும் உயர் வோல்ட்டைத் தடுத்து, பாட்டை மட்டும் கடத்துவது அதன் வேலை. அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட் ஏறும். வால்வு அளவுமீறி மின்சாரம் இழுத்து, உள்தகடு சிவக்கும். அந்த மிகை மின்சாரத்தில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போய்விடலாம். சில ரூபாய் கண்டென்சர் ஒன்று, இன்று தேடினாலும் எளிதில் கிடைக்காத டிரான்ஸ்ஃபார்மரைத் தின்றுவிடுகிறது. கரன்ட் கொடுக்கும் முன்பே அதை வெட்டியெடுத்து, 630 வோல்ட் தாங்கும் பாலியெஸ்டர் கண்டென்சரைப் பற்றவைத்தார். ஃபில்டர் கண்டென்சர் காய்ந்திருந்தது. அதன் அலுமினிய டப்பாவை மேலே அப்படியே நிற்கவிட்டு, அடியில் 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கண்டென்சர் இரண்டை மறைவாக இணைத்தார்.

ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) காயில்களின் திருகை அவர் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அது ஃபேக்டரில வெச்ச எடம். தானா நகராது தம்பி. திருப்பினா உள்ள இருக்கற துண்டு ஒடஞ்சிரும்."

அவர்மேல் எனக்கு நம்பிக்கை பிறந்தது இந்த இடத்தில்தான். எதை மாற்றக் கூடாது என்று தெரிந்த கை அது. டயல் நூலை மட்டும் புதிதாகக் கட்டினார், முறுக்கு நூலால். தூண்டில் நரம்பு வழுக்கும் என்பது அவர் கணக்கு.

அடுத்து சீரிஸ் பல்பு. 100 வாட் குண்டு பல்பு வழியாகத்தான் செட்டுக்குக் கரன்ட். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் நிற்கும், செட் தப்பிக்கும். எங்கள் பல்பு பளிச்சென்று எரிந்து, மங்கி அடங்கியது. பாய் தலையசைத்துவிட்டு நேர் இணைப்புக்கு மாற்றினார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையால் மட்டும் மீட்டர் முனையை வைத்தார். இரண்டு கையும் உள்ளே இருந்தால் ஷாக் நெஞ்சு வழியாகப் பாயும். ஆனோடில் 240 வோல்ட். கிரிட்டில் பூஜ்யம்.

"அந்த எல்.இ.டி. விளக்க அணைங்க." அணைத்ததும் மீடியம் வேவ் இரைச்சல் பாதியாய்க் குறைந்தது. ஊசி மெல்ல நகர்ந்தது. நாதஸ்வரம். தாத்தா வீட்டுத் திண்ணையில் கேட்ட அதே கனத்த குரல். இருட்டில் வால்வுகள் எல்லாம் செம்மஞ்சளாய் எரிந்துகொண்டிருந்தன. நாங்கள் இருவரும் பேசவில்லை.

கிளம்பும்போது தட்டின் கீழே ஒரு மர்ஃபியைக் காட்டினார். யாரோ உள்ளே இருந்த அத்தனையையும் பிடுங்கி எறிந்துவிட்டு ப்ளூடூத் போர்டு வைத்திருந்தார்கள். அதற்கு அவரிடம் வைத்தியம் இல்லை.

உங்கள் பரணில் வால்வு ரேடியோ இருந்தால், ஆசைக்குக்கூட நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். உள்ளே இருப்பதைப் பிடுங்கவும் விடாதீர்கள். தூசியோடு அப்படியே, இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.