மாமாவின் ஜீப்பும் ஆறு வோல்ட் பேட்டரியும்

குரங்கணியில் இருக்கும் எங்க மாமாவிடம் ஒரு பழைய வில்லீஸ் பெட்ரோல் ஜீப் இருக்கு. ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் டீசல் ஜீப்பெல்லாம் 12 வோல்ட். இது இன்னும் 6 வோல்ட்! காலைக் குளிரில் செல்ஃப் எடுக்கலை. "அடுத்த தடவை நின்னா காயலான் கடைதான்"னு அத்தை சொல்லிட்டாங்க.

பேட்டரி மாத்தப் போடிக்குப் போனோம். கடைக்காரர், "12 வோல்ட்டுக்கு மாத்திருங்க தம்பி" என்றார். பல்பு, காயில், டைனமோ, ரெகுலேட்டர் எல்லாமே மாத்தணும். அப்புறம் பழசுன்னு என்ன மிஞ்சும்?

நெட்டில் தேடினா கோல்ஃப் வண்டிக்கான 6 வோல்ட் பேட்டரிதான் நிறைய வருது. அது நிதானமா ரொம்ப நேரம் கரண்ட் கொடுக்கறதுக்கு. செல்ஃப் மோட்டாருக்கு வேண்டியதோ சில விநாடிக்கு ஏராளமான கரண்ட். வாங்கினா ஸ்டார்ட்டிங் பேட்டரிதான் வாங்கணும். பிளஸ் எந்தப் பக்கம், தட்டில் உட்காருமா, இதையும் பார்க்கணும்.

இதுக்கு நடுவில் மல்டிமீட்டரை வெச்சுப் பார்த்தேன் (ஃபிசிக்ஸ் லேப் வாழ்க!). செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் 5.2 வோல்ட், மோட்டாரில் 4.1 மட்டும். நடுவில் 1.1 வோல்ட்டைத் தின்னது கேபிள்! முன்னாடி யாரோ 12 வோல்ட் வண்டிக்கான மெல்லிசு கேபிளைப் போட்டிருக்காங்க. அதே பவருக்கு 6 வோல்ட்டில் கரண்ட் ரெண்டு மடங்கு, கேபிளில் போகும் வோல்ட்டேஜும் ரெண்டு மடங்கு. மொத்தமே ஆறுதானே இருக்கு, விகிதத்தில் நாலு மடங்கு நஷ்டம்.

தடியான கேபிள் போட்டு, எர்த் போல்ட்டைச் சுரண்டி முறுக்கினோம். பழைய பேட்டரியிலேயே ஸ்டார்ட் ஆயிடுச்சு. அத்தை மட்டும் இன்னும் நம்பலை :-)