வீட்டுக்கு மடை எங்கே?

மார்கழித் திருவிழாவின் ஒன்பதாம் நாள். சுசீந்திரத்தில் தேரோட்டம். தாணுமாலயன் கோயிலைச் சுற்றிய வீதிகளில் கால் வைக்க இடமில்லை. அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய வீட்டில் 71 வயது ஆச்சி மட்டும் தனியாக இருந்தார். முட்டுவலியோடு கூட்டத்தில் நிற்க முடியாது. சென்னையிலிருந்து வந்திருந்த மகளும் பேத்தியும் தேர் பார்க்கப் போயிருந்தார்கள்.

ஆச்சி கை கழுவிவிட்டு குளியலறைக் குழாயை அடைத்தார். சொட்டு நிற்கவில்லை. வழக்கம்போல இன்னும் கொஞ்சம் இறுக்கித் திருகினார். 'டக்' என்று ஒரு சத்தம். குழாய் கையோடு வந்துவிட்டது. சுவருக்குள் திருகியிருந்த பிளாஸ்டிக் துண்டு வயது ஏறி உளுத்துப்போயிருந்தது. அது உடைந்ததும் தண்ணீர் எதிர்ச் சுவரில் போய் அடித்தது.

முதலில் ஒரு துணியை வைத்து அமுக்கினார். துணியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. கையை எடுத்தால் இன்னும் அதிகம். குளியலறையின் தண்ணீர் போகும் ஓட்டை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பத்து நிமிடத்தில் வாசற்படியைத் தாண்டிப் படுக்கையறைக்குள் வந்துவிட்டது.

நாஞ்சில் நாட்டில் பழைய ஆட்கள் தண்ணீரையே வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். குடிக்கவும் வெள்ளம், குளிக்கவும் வெள்ளம். அன்றைக்கு அந்தச் சொல் இரண்டு அர்த்தத்துக்கும் பொருந்திவிட்டது. "மக்கா, முறிக்குள்ள வெள்ளம் கேறுது, ஓடி வா" என்று பேத்திக்கு போன் செய்தார் ஆச்சி. அடுத்த போன் பிளம்பருக்கு.

பிளம்பர் எடுத்தார். பின்னால் மேளச் சத்தம். "ஆச்சி, நான் இப்போ தேர் வடத்துல நிக்கேன். பயப்படாதீங்க. மொட்டைமாடியில தொட்டிக்குக் கீழ வால்வு இருக்கும். அதை மட்டும் அடைங்க, போரும்."

தொட்டி எங்கே இருக்கிறது என்று ஆச்சிக்குத் தெரியும். வால்வு எங்கே என்று தெரியாது. தெரிந்தாலும் அந்த இரும்பு ஏணியில் அவரால் ஏற முடியாது.

பேத்திக்கு 16 வயது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து, ஈரக் காலோடு மாடி ஏறினாள். தொட்டியின் அடியில் பார்த்தால் ஒன்றல்ல, நான்கு வால்வுகள். நான்கு குழாய்கள் நான்கு பக்கம் போகின்றன. எது அடுக்களைக்கு, எது தோட்டத்துக்கு, எது குளியலறைக்கு? எதிலும் ஒரு எழுத்து கிடையாது. முதலாவதை அடைத்தாள். "நிக்கல மக்கா!" என்று கீழேயிருந்து குரல். இரண்டாவதையும் அடைத்தாள். நிற்கவில்லை. மூன்றாவது வால்வின் சக்கரம் துருப்பிடித்து, வருஷக்கணக்கில் யாரும் தொடாமல் இறுகிக் கிடந்தது. முழு பலத்தோடு திருகினாள். உள்ளங்கை தோல் உரிந்ததே தவிர அது அசையவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி வந்தார். 80 வயதுக்காரர். ஆயுள் முழுக்க வயலும் குளமும்தான். உள்ளே வந்து எட்டிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: "மடை எங்கே இருக்கு தங்கச்சி?"

ஆச்சியிடம் பதில் இல்லை.

அவர் காத்திருக்கவில்லை. துடைப்பக் கம்பின் முனையைச் சீவிக் கூராக்கி, பழைய பருத்தித் துணியை இறுகச் சுற்றி, குழாயின் வாயில் வைத்துத் திருகி அடித்தார். பீறிட்டது கசிவாகக் குறைந்தது. "மக்கா, மேல உள்ளதைத் திறந்து விடு. தோட்டத்துக் குழாயையும் திறந்து விடு. தொட்டியில இருக்க வெள்ளம் வெளிய போய்த் தொலையட்டும்" என்றார். அதுதான் அந்த நேரத்துக்குச் சரியான யோசனை. உள்ளே வருவதை நிறுத்த முடியவில்லை என்றால், வெளியே போக வேறு வழி காட்டிவிட வேண்டும். மறுகால் வழியாக உபரித் தண்ணீரைத் திருப்பிவிட்டுக் குளக்கரையைக் காப்பாற்றும் அதே கணக்கு.

அரை மணி நேரத்தில் தொட்டி காலி. வீட்டில் கணுக்கால் ஈரம். கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் வைத்திருந்த கல்யாண ஆல்பம் நனைந்து, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஆச்சி அதை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பிரிக்கப் பார்த்தார். சிலது வந்தது. சிலது முகத்தோடு கிழிந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்த நினைவு வந்தது. மூன்று வருஷம் முன்பு இறந்துபோன கணவர், வெளியூர் கிளம்பும்போதெல்லாம் கடைசி நிமிஷத்தில் மாடிக்கு ஏறி இறங்குவார். வாசலில் ஆட்டோ காத்திருக்கும். "பஸ்ஸு போயிரும், அங்க என்ன புதையலா இருக்கு?" என்று ஆச்சி கீழேயிருந்து சத்தம் போடுவார். அவர் சிரித்துக்கொண்டே இறங்கி வருவார். என்ன செய்தார் என்று அவர் சொன்னதில்லை. இவர் கேட்டதுமில்லை. நாற்பது வருஷக் குடித்தனத்தில் வீட்டின் வால்வு எங்கே என்பது ஒருவர் தலைக்குள் மட்டுமே இருந்தது. அவரோடு அதுவும் போய்விட்டது.

ஊருக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியாது

அண்ணாச்சி கேட்ட கேள்வியில் ஒரு ஊரின் பழக்கம் இருக்கிறது. பழையாறும் குளங்களும் வளர்த்த பூமி நாஞ்சில் நாடு. எந்தக் குளத்துக்கு எங்கே மடை, எந்தக் கால்வாயில் எங்கே ஷட்டர் என்பது வயல்காரர்கள் எல்லாருக்கும் பாடம். பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடிக்கப்பட்டது. அது வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் பாசனத்துக்குத் திறக்கப்பட்டு, கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு சாகுபடியும் முடிந்து பிப்ரவரி கடைசியில் அடைக்கப்படும். அந்தத் தேதிகளை மாவட்டமே காத்திருந்து பார்க்கும்.

மலையில் இருக்கும் அணை எப்போது அடைபடும் என்று தெரிந்த மனிதர்களுக்கு, தலைக்கு மேல் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியை எப்படி அடைப்பது என்று தெரிவதில்லை. சுசீந்திரத்தில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் நிலைமை இதுதான். கேஸ் சிலிண்டரை எப்படி மூடுவது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மெயின் சுவிட்ச் எங்கே என்று பலருக்குத் தெரியும். தண்ணீர் வால்வு எங்கே என்று கேட்டால், "அவருக்குத்தான் தெரியும்", "பிளம்பருக்குத்தான் தெரியும்" என்பதே பதில்.

உடைந்த குழாயிலிருந்து நிமிடத்துக்கு 20 லிட்டர் வந்தால், ஆயிரம் லிட்டர் தொட்டி 50 நிமிடத்தில் காலியாகும். அந்த ஆயிரம் லிட்டரும் வீட்டுக்குள்தான் வரும். வால்வை அடைக்கத் தெரிந்தால், இரண்டு நிமிடத்தில் 40 லிட்டரோடு போயிருக்கும்.

எங்கே தேடுவது?

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். குளிர் நாடுகளில் பெரும்பாலும் தெருக்குழாயின் அழுத்தமே நேராக வீட்டுக் குழாய்களுக்கு வருகிறது. அதனால் அங்கே வால்வு கீழ்த்தளத்திலோ, சமையலறைத் தொட்டிக்கு அடியிலோ இருக்கும். அங்கே பனியும் ஒரு எதிரி. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் கடுங்குளிரில் தண்ணீர் உறைந்து, ஏராளமான வீடுகளில் குழாய்கள் வெடித்தன. வால்வு எங்கே என்று தெரிந்திருப்பதன் அருமை அன்றைக்கு அங்கே பலருக்கும் புரிந்திருக்கும்.

நம் வீடுகளில் தண்ணீர் மேலேயிருந்து இறங்குகிறது. ஆகவே வால்வும் பெரும்பாலும் மேலேதான். மூன்று இடங்களை நினைவில் வையுங்கள். வீட்டுக்குள் உள்ள குழாய் உடைந்தால், மேல்தொட்டியின் அடியில் வெளியே வரும் குழாயில் உள்ள வால்வு. மோட்டாரிலிருந்து தொட்டிக்கு ஏறும் குழாய் உடைந்தால், முதலில் மோட்டார் சுவிட்ச். தெருவிலிருந்து வரும் குழாய் உடைந்தால், கேட் அருகிலோ மீட்டர் அருகிலோ உள்ள வால்வு.

வாஷ்பேசின், கழிவறைத் தொட்டி, கீசர் இவற்றில் மட்டும் கோளாறு என்றால் மாடி வரைக்கும் ஓட வேண்டாம். அதனதன் அடியில் 'ஆங்கிள் காக்' என்ற சின்னத் திருகு இருக்கும். அதை அடைத்தாலே போதும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள், தங்கள் வீட்டுக்கான வால்வு எது என்று காவலாளியிடமோ சங்கத்திடமோ இன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது. சில இடங்களில் ஒரே குழாய் மேலும் கீழும் உள்ள வீடுகளுக்கும் போகும். அடைப்பதற்கு முன் அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும்.

எப்படி அடைப்பது?

சக்கரம் போலச் சுற்றுவது கேட் வால்வு. வலப்பக்கமாக, கடிகார முள் போகும் திசையில், பல சுற்று திருகினால் உள்ளே ஒரு தகடு இறங்கி வழியை அடைக்கும். கால்வாய் ஷட்டரின் பலகை இறங்குவது போலவேதான். இதைப் பாதி திறந்தபடி விட்டுவைக்கக் கூடாது. தண்ணீரின் வேகத்தில் தகடு தேய்ந்து, பிறகு முழுசாக அடைபடாது. முழுக்கத் திறந்த பின் கால் சுற்று பின்னால் திருப்பி விட்டால் இறுகிப்போவது குறையும்.

நீளக் கைப்பிடி உள்ளது பால் வால்வு. பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே இருப்பது ஓட்டை போட்ட ஓர் உருண்டை. கைப்பிடி குழாயின் நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் அடைத்திருக்கிறது. கால் சுற்றுதான் வேலை. பார்த்தாலே தெரியும் என்பதால் வயதானவர்களுக்கு இதுவே வசதி.

இறுகிப்போன பழைய வால்வோடு மல்லுக்கட்டக் கூடாது. ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் தண்டு முறிந்து, அது தனிப் பிரச்னையாகும். தண்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் பிளம்பரை வைத்து மாற்றிவிடுங்கள். ஆபத்து இல்லாத நாளில் செய்தால் அது சின்ன வேலை.

எது எந்தக் குழாய்க்கு என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் போதும். ஒருவர் மேலே ஒரு வால்வை அடைக்க வேண்டும். இன்னொருவர் கீழே ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்க்க வேண்டும். குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் சிறிது நேரம் வரும், பொறுத்திருந்து பாருங்கள். சோதனைக்கு முன் கீசர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். திரும்பத் திறக்கும்போது, கீழே ஒரு குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வால்வை மெதுவாகத் திறந்தால், உள்ளே அடைபட்ட காற்று வெளியேறிவிடும்.

தேருக்கு அடுத்த நாள்

மறுநாள் பிளம்பர் வந்தார். "மன்னிச்சிருங்க ஆச்சி" என்று தொடங்கியவரை ஆச்சி தடுத்தார். "தேரை விட்டுட்டு நீ வந்திருந்தா நான்தான் ஏசியிருப்பேன். இப்போ எனக்கு ஒரு காரியம் செய். நான் மாடி ஏறாம, நின்ன இடத்துலயே அடைக்க ஒரு வழி பண்ணு."

இறுகிய வால்வை மாற்றியதோடு, குளியலறைக்கும் அடுக்களைக்கும் இறங்கி வரும் இரண்டு குழாய்களிலும் பின்பக்கச் சுவரில், ஆச்சியின் கை எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு பால் வால்வு வைத்தார் அவர். பேத்தி மாடியில் உட்கார்ந்து நான்கு வால்வுக்கும் பெயிண்டால் பெயர் எழுதினாள். ஒரு தாளில் படம் வரைந்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். கடைசியில் ஆச்சியை அழைத்துப்போய் மூன்று தடவை அடைத்துத் திறக்க வைத்தாள். "பரீட்சை முடிஞ்சுதா டீச்சர்?" என்றார் ஆச்சி.

அந்த வால்வுகளை வருஷத்துக்கு இரண்டு முறை அசைத்துப் பார்ப்பதாக ஆச்சி ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். அணை திறக்கும் ஜூனில் ஒரு தடவை, அடைக்கும் பிப்ரவரியில் ஒரு தடவை. மறக்கவே மறக்காத தேதிகள்.

பொங்கல் கழிந்து மகளோடு சென்னைக்குக் கிளம்பினார். வாசலில் ஆட்டோ. பெட்டிகள் ஏறியாயிற்று. ஆச்சி மட்டும் திரும்பிப் பின்பக்கம் நடந்தார்.

"அம்மா, ரயிலுக்கு நேரமாச்சு. என்னத்த மறந்தீங்க?" என்று மகள் குரல் கொடுத்தார்.

"மறக்கல மக்கா. மடையை அடைச்சிட்டு வாறேன்."